தூண்டில் வாங்க முன்னம் இறக்குவலையை வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்காக சென்ற வாரம் நீங்கள் போட்டிருந்த பக்கத்தை வாசித்தேன். பயனுள்ள பக்கம், எங்கள் வீட்டில் வெட்டி எடுத்து வைத்திருக்கிறோம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டிய சாமான்களையும் அதில் எழுதியிருந்தீர்கள். தூண்டில் தடி, ரீல், ஈயக்குண்டு, இரை, மடக்குக் கதிரை, தேத்தண்ணிப் போத்தல், எல்லாம் இருந்தது. பியரிலோ (கடலுக்குள் நீண்டு போகும் நடைமேடை) கடற்சுவரிலோ நின்று மீன் பிடிக்கிறவனுக்கு முதலில் வேண்டிய சாமான் மட்டும் அதில் இல்லை. இங்கே இங்கிலாந்தில் அதை ட்ரொப் நெட் என்பார்கள், நாங்கள் சில பேர் இறக்குவலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். வட்டமான ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் வலைப்பை, மேலே கயிறு, அவ்வளவுதான். அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டதால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு, கென்ட் கரையில் ஒரு பியரில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்து அடி தள்ளி எங்கள் ஆட்கள், ஒரு தகப்பனும் ஒன்பது பத்து வயதுப் பொடியனும். பொடியனின் தடிதான் முதலில் வளைந்தது. கால் மணித்தியாலம் தகப்பனும் மகனும் மாறி மாறி இழுத்து, கடைசியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு திருக்கை வந்தது, முதுகிலும் வாலிலும் முள்ளுள்ள இனம், இந்தக் கரைகளில் நிறைய வரும். எட்டு ஒன்பது இறாத்தல் இருக்கும். மேலிருந்து பார்க்கப் பழுப்பு நிறத் தாச்சி மாதிரி தண்ணீரில் கிடந்தது. வலை இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் நான் அதைப் பியரின் மற்றப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, இழுக்காதேங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் அவர் தங்கூசியை (தூண்டிலின் நைலோன் நரம்பை) கையில் சுற்றித் தூக்கத் தொடங்கிவிட்டார். பாதித் தூரம் வந்தது. பிறகு தூண்டில் வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றது. மீன் நேரே கீழே, தண்ணீரில் விழவில்லை, பியர் காலின் குறுக்குச் சட்டத்தில் அடிபட்டுத்தான் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பொடியன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றான். தகப்பனின் உள்ளங்கையில் தங்கூசி வெட்டி இரத்தம்.

அந்த மனிசன் கெட்டவர் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம். எங்களில் பலர் ஊரில் கடலோடு வளர்ந்தவர்கள், மீன் பிடிப்பது இரத்தத்தில் ஊறியது என்று நினைக்கிறோம். ஆனால் ஊரில் நாங்கள் பிடித்தது முழங்கால் தண்ணீரில், அல்லது வள்ளத்தில் இருந்து, அல்லது ஆளுயரம்கூட இல்லாத பாலத்தடியில். என் மாமா யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் அத்தாங்கு வலையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து அள்ளுவார், மீனுக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழம்தான் தூரம். இங்கே பியரில் நிற்கும்போது மீனுக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு மாடி உயரம். நீளக் கைபிடி போட்ட வலை அங்கே எட்டாது. ஊரில் கற்ற எல்லாம் இந்த இடத்தில் உதவாமல் போகிறது.

தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனுக்குப் பாரம் இல்லை என்றே சொல்லலாம், தண்ணீர் அதைத் தாங்குகிறது. தண்ணீரை விட்டு வெளியே வந்த அந்தக் கணத்தில் முழுப் பாரமும் தூண்டில் குத்திய ஒரு சிறு துளையில் தொங்குகிறது, அதோடு அது துடிக்கவும் துடிக்கும். ஐந்து அவுன்ஸ் ஆறு அவுன்ஸ் ஈயம் எறிவதற்காக முன்னுக்கு 50, 60 இறாத்தல் தாங்கும் தடித்த தங்கூசி கட்டியிருக்கிறோமே, அது பிடிக்காதா என்று கேட்பார்கள். அது பிடிக்கும். தூண்டிலோடு கட்டிய மெல்லிய துண்டு பிடிக்குமா? அதுவும் பிடித்தாலும் மீனின் வாய்ச் சதை பிடிக்குமா? பாஸ் மீனின் வாயோரத்தில் உள்ள தோல் கடதாசி மாதிரி. வைட்டிங், சின்ன மக்கரல் இவற்றைத் தூக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. மூன்று இறாத்தலுக்கு மேல் என்றால் வலைதான்.

சரி, எப்படிப்பட்ட வலை? இதில்தான் காசை வீணாக்குகிறோம். கடற்கரைக் கடைகளில் வாளியோடும் சிறு மண்வெட்டியோடும் சேர்த்துத் தொங்கவிட்டிருக்கும் சின்ன வலை இருக்கிறது, ஒரு அடி அகலம், நடுவில் இரை வைக்க ஒரு சிறு பை, பொதி கட்டும் சணல் மாதிரி ஒரு கயிறு. அது பிள்ளைகள் நண்டு பிடிக்க. அதையும் ட்ரொப் நெட் என்றுதான் விற்கிறார்கள், பெயர் ஒன்று என்பதால் பலர் அதை வாங்கிக்கொண்டு வந்து பத்து இறாத்தல் மீனுக்கு இறக்குகிறார்கள். நானும் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான், கடைக்காரர் "இது போதும்" என்றார், முதல் மீனிலேயே வளையம் முட்டை வடிவமாக வளைந்துவிட்டது. மீன் ஏற்றுவதற்கான வலையின் வளையம் குறைந்தது 24 அங்குல விட்டமாவது இருக்க வேண்டும், 30 அங்குலம் எல்லாவற்றுக்கும் சரிவரும். திருக்கை அகலமான மீன், செட்டையை விரித்துக்கொண்டு வரும், சின்ன வளையத்தின்மேல் மூடி போட்டது மாதிரி உட்கார்ந்துவிடும், உள்ளே போகாது. 36 அங்குலமும் விற்கிறார்கள், ஆனால் நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் அதை நேராக நிறுத்தி வைக்கத் தோள் வலிக்கும். மடக்கக்கூடிய வளையம் காரில் கொண்டுபோக வசதி, வாங்கும்போது கடையிலேயே விரித்து, வளையம் மடங்கும் மூட்டுப் பகுதியை இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள், ஆடுகிறதா என்று.

வலைப்பை குறைந்தது இரண்டு அடி ஆழம் வேண்டும். ஆழம் இல்லாத தட்டு வலையில் மீன் ஏறும், பாதி வழியில் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே போகும். வலைக்கண் மிகச் சிறிதாக இருந்தால் நீரோட்டம் வலையைப் பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும், மிகப் பெரிதாக இருந்தால் மீனின் செட்டையும் தலையும் அதில் சிக்கும். முடிச்சில்லாத நெசவு கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஐந்தாறு பவுண் கூடப் போகும், போனால் போகட்டும். முடிச்சுகள் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடுகின்றன, திருப்பி விடப் போகிற மீனுக்கு அதுதான் தோலுக்கு மேலுள்ள காப்பு. இன்னொன்று, மீனின் வாயில் இல்லாத மற்றத் தூண்டில்கள் வலையில் மாட்டும். மூன்று தூண்டில் கட்டி எறிகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. றப்பர் பூசிய வலையில் இந்தப் பிரச்சினை குறைவு.

வளையத்திலிருந்து மேலே போகும் சிறு கயிறுகளைச் சிலர் கவனிப்பதே இல்லை. மூன்று அல்லது நான்கு இருக்கும், எல்லாம் மேலே ஒரு முடிச்சில் சேரும். நான்கு இருந்தால் வளையம் மட்டமாகத் தொங்கும், ஆனால் மீன் உள்ளே வரும்போது இடைஞ்சலுக்கு ஒரு கயிறு கூட. எனக்கு மூன்றுதான் விருப்பம். அவை நீளமாக இருக்க வேண்டும், ஒரு கை நீளமாவது. சேரும் இடத்தில் ஒரு மிதப்பு கட்டுங்கள், வலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தக் கயிறுகள் தொய்ந்து வாயின் குறுக்கே விழாமல் அது தூக்கிப் பிடிக்கும். வலைப்பையின் அடியில் நடுவில் ஒரு ஆறு அவுன்ஸ் ஈயம், வளையத்தைச் சுற்றிச் சமமாக மூன்று சின்ன ஈயம். கடையில் வாங்கும் வலைகளில் பெரும்பாலும் இந்தப் பாரம் போதாது, காற்றடிக்கும் நாளில் வலை தண்ணீரைத் தொடாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு நிற்கும். ஈயம் கட்டினால் நேரே இறங்கும். வளையத்தில் வெள்ளை ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள், இரவில் மேலிருந்து வளையம் எங்கே கிடக்கிறது என்று தெரியும், இல்லாவிட்டால் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

இனிக் கயிறு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் தவறுகிற முக்கியமான இடம் இது. யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும், அதாவது கடல் இறங்கி நிற்கும் மட்டத்துக்கும் ஏறி நிற்கும் மட்டத்துக்கும், வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் எப்போதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கும் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. கென்ட் கரையில் டோவர் பக்கத்தில் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் ஆறு மீட்டர் அளவுக்குப் போகும். பெருக்கு நேரத்தில் நீங்கள் வந்து எட்டிப் பார்த்தபோது பக்கத்தில் தெரிந்த தண்ணீர், ஆறேழு மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னும் இருபது அடி கீழே போய்விட்டிருக்கும். வந்தவுடன் அளந்து பார்த்துப் போதும் என்று நினைத்த கயிறு அப்போது எட்டாது. அதே கரையிலுள்ள டீல் பியரைப் பாருங்கள், 1940 ஜனவரியில் கப்பல் மோதிப் பழைய பியர் நாசமான பிறகு கட்டி 1957 நவம்பரில் திறந்தது, 1,026 அடி நீளம். அதன் முனையில் மூன்று தட்டுகள் கட்டினார்கள். மிகக் கீழே உள்ள தட்டு பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் கிடக்கும், மிகப் பெரிய வற்றில் மட்டும் வெளியே தெரியும். கட்டியவர்களுக்கே கடல் அப்படிக் கணக்குக் காட்டியிருக்கிறது. தேம்ஸ் நதி முகத்துவாரத்திலுள்ள சவுத்எண்டில் இன்னொரு விதம், உலகத்திலேயே நீளமான உல்லாசப் பியர், 2.16 கிலோமீட்டர், வற்றில் கரைப் பக்கம் முழுக்கச் சேறு, முனைக்குப் போனால்தான் தண்ணீர்.

ஆகவே கயிறு குறைந்தது 15 மீட்டர், நான் 20 மீட்டர் வைத்திருக்கிறேன். தடிப்பு எட்டு மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதாக இருந்தால் ஈரக் கையில் பாரத்தோடு ஏற்றும்போது கையை அறுக்கும். கட்டடச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலக் கயிறு மிதக்கும், விறைப்பாக இருக்கும், போட்ட முடிச்சு தானாக இளகும், மிதந்துபோய்ப் பக்கத்தில் நிற்பவரின் தங்கூசியில் சுற்றிக்கொள்ளும். பின்னிய நைலோன் கயிறு நல்லது. மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் பிடிக்கவும் உதவும், எவ்வளவு இறங்கியது என்று கணக்கு வைக்கவும் உதவும். அதோடு, கயிற்றின் மேல் நுனியை வலையை இறக்குவதற்கு முன்னமே கம்பியில் கட்டிவிடுங்கள். மீன் வந்த பதற்றத்தில் கட்ட மறந்து, கை வழுக்கி, வலையும் கயிறுமாகக் கடலுக்குள் போனதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். போன வலை கீழே சும்மா கிடக்காது, பியர் காலில் சிக்கி நின்று நண்டையும் மீனையும் வருடக்கணக்காகக் கொல்லும்.

பாவிக்கும் முறைக்கு வருகிறேன். முதல் தூண்டிலை எறிய முன்னமே வலையை விரித்து, கயிற்றைக் கட்டி, சுருளைக் காலில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மீன் பிடிபட்ட பிறகு பையைத் திறந்து வலையைத் தேடினால் அது சிக்கெடுக்கும் வேலையாக முடியும். இரண்டு பேர் வேண்டும். தனியாகவும் செய்யலாம், தடியை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பழகாதவர்களுக்கு அது வேண்டாம். தனியாக வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் முன்னமே சொல்லி வையுங்கள். இந்த நாட்டில் பியரில் நிற்கிறவர்கள் பேசாமல் நிற்பார்கள், ஆனால் வலை பிடிக்கக் கூப்பிட்டால் தங்கள் தடியை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். முப்பது வருடத்தில் ஒருவர்கூட எனக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

வலை பிடிக்கிறவர் நீரோட்டம் போகிற திசையில், தடிக்காரருக்குக் கீழ்ப்பக்கமாக நிற்க வேண்டும். களைத்த மீனை நீரோட்டமே அந்தப் பக்கம் கொண்டுவரும். எதிர்ப்பக்கம் நின்றால் மீன் ஒரு பக்கம், வலை ஒரு பக்கம், நடுவில் பியர் கால். மீன் மேலே வந்து, ஒரு தடவை வாயைத் திறந்து காற்றுக் குடித்து, பக்கவாட்டில் சரியும்வரை வலையை இறக்காதீர்கள். முன்கூட்டியே இறக்கினால் நீரோட்டம் அதைப் பியருக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும், மீனும் வளையத்தைக் கண்டு வெருண்டு திரும்பக் கீழே ஓடும். ஸ்மூத்ஹவுண்ட் என்ற சின்னச் சுறா இதில் பொல்லாதது, வலையைக் கண்டவுடன் புதிதாகப் பிடிபட்டது மாதிரி ஓடும். விட்டுவிடுங்கள், ஓடட்டும், ரீல் கொடுக்கட்டும், திரும்பி வரும்.

வலை மேல்மட்டத்திலிருந்து இரண்டு அடி கீழே, கயிறு தொய்யாமல், அசையாமல் நிற்க வேண்டும். இதுதான் முழு வித்தை. வலை மீனைத் துரத்தக் கூடாது, மீனைத்தான் வலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். பதற்றத்தில் வலைக்காரர் மீனை வலையால் அள்ள முயற்சி செய்வார், வளையத்தின் விளிம்பு தங்கூசியில் தட்டும், தூண்டில் கழன்றுவிடும். பிடிபட்ட மீன் போவது அதிகமும் இப்படித்தான். மீனின் தலையும் வயிறும் வளையத்துக்குள் வந்ததைத் தடிக்காரர் பார்த்து "இழு" என்று சொல்ல வேண்டும், ஒருவர்தான் சொல்ல வேண்டும், சுற்றி நிற்கிற ஆறு பேரும் இல்லை. சொன்னவுடன் வலைக்காரர் முதல் இரண்டு இழுவையைச் சுறுக்காக இழுக்க வேண்டும், வளையம் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால் மீன் பைக்குள் தானே இறங்கும். அதே நேரத்தில் தடிக்காரர் தங்கூசியை இளக்கிவிட வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. மீன் வலையில், தங்கூசி விறைப்பாக என்றால் தூண்டில் மீனை வலைக்கு வெளியே இழுக்கும். பிறகு கை மாற்றிக் கை, அவசரப்படாமல், ஆனால் நடுவில் நிற்காமல். கயிற்றைச் சுவர் விளிம்பில் உரசவிட்டு இழுக்காதீர்கள், கயிறும் போகும், வலை விளிம்பில் மாட்டி நிற்கவும் பார்க்கும். வளையம் கம்பி மட்டத்துக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு வளையத்தைப் பிடித்து உள்ளே எடுக்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு வயதான வெள்ளைக்காரர், பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு நான் பிடித்த பாஸ் அளவுக்குக் காணாது. 42 சென்ரிமீட்டருக்குக் குறைந்த பாஸை வைத்திருக்க முடியாது, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். என்னுடையது 39. நான் அதைத் தூக்கிக் கடலுக்குள் எறியப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். மீனை வாங்கி, தன் கையை முதலில் ஈரமாக்கிக்கொண்டு, அதை வலைக்குள் வைத்து, வலையை மெதுவாக, அவ்வளவு உயரத்துக்கும் இறக்கினார். தண்ணீருக்குள் வலை போனதும் சற்றுப் பொறுத்தார். மீன் செவுளை அசைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வளையத்தைத் தாண்டித் தானாகப் போனது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் தடிக்குத் திரும்பிப் போய்விட்டார். முப்பது அடி உயரத்திலிருந்து வயிறு அடிபட விழும் மீன் நீந்திப் போவது போலத் தெரியும், ஆனால் அது பிழைக்குமா என்று எண்ணிப் பாருங்கள். அன்றிலிருந்து என் வலை மீனை ஏற்றியதைவிட இறக்கியதுதான் அதிகம். பாஸைப் பொறுத்தவரை எந்த மாதங்களில் வைத்திருக்கலாம், நாளைக்கு எத்தனை என்பதும் அடிக்கடி மாறுகிறது, புறப்பட முன்னம் அரசாங்க இணையத்தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். இங்கிலாந்தில் கடலில் தடியால் மீன் பிடிக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை, சல்மன், கடல் ட்ரவுட், விலாங்கு என்றால்தான் வேறு கதை. அதனால் எந்தச் சட்டமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பியர் இல்லாமல் கடற்சுவரில் நிற்கிறவர்களுக்கு ஒரு சொல். டோவருக்குப் பக்கத்தில் சம்ஃபயர் ஹோ என்று ஒரு இடம், இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கப்பாதை தோண்டியபோது எடுத்த 4.9 மில்லியன் கன மீட்டர் சுண்ணக்கல்லைக் கடலோரத்தில் கொட்டி உண்டாக்கிய நிலம், 1997இல் மக்களுக்குத் திறந்தார்கள். அழகான இடம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நீண்ட கடற்சுவர். ஆனால் அலை சுவருக்கு மேலால் வந்து விழும் இடம், கடல் கொந்தளிக்கும் நாட்களில் சுவரை மூடிவிடுவார்கள், மூடினால் திரும்பி வந்துவிடுங்கள். பொதுவாகச் சுவரில் வலை இறக்கும்போது சுவரை ஒட்டி இறக்காமல் ஒரு கை தள்ளி இறக்க வேண்டும், அலை ஒவ்வொரு தடவையும் வலையைச் சுவரில் அடிக்கும். அலை ஏறும்போது மீனை வளையத்துக்கு மேலே கொண்டுவந்து, அந்த அலையிலேயே இழுக்க வேண்டும். இறங்கும் அலையில் இழுத்தால் தண்ணீரின் பாரமும் சேர்ந்து வரும்.

மீன் பிடிபட்டுவிட்டது, வலை இல்லை, கீழே ஒரு இரும்பு ஏணியோ படியோ தெரிகிறது, "நான் இறங்கிப் பிடிக்கிறேன்" என்று ஒருவர் இறங்குவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்தப் படிகளில் பச்சைப் பாசி, எண்ணெய் பூசியது மாதிரி. அடுத்த அலை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சப்பாத்தும் மொத்தக் குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு விழுந்தவர் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் எவ்வளவு நேரம் தாங்குவார்? எந்த மீனுக்கும் அந்தப் படியில் இறங்க வேண்டாம். தூண்டில் தடி இரண்டு வாங்கக் காசு வைத்திருப்பவர்கள் ஒரு தடியோடு நிறுத்தி மிச்சக் காசில் வலை வாங்கட்டும் என்று நான் சொல்வது மீனுக்காக மட்டும் இல்லை.

நண்டு, றால் பற்றியும் இரண்டு வரி, பெண்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு வேறு வலை, நெருக்கமான கண், ஆழம் குறைவு. மக்கரல் தலையை நடுவில் இறுக்கிக் கட்டி, பியர் காலை ஒட்டித் தரைவரை இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து, நிறுத்தாமல் ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். தயங்கினால் நண்டு விளிம்பால் இறங்கிப் போய்விடும். றால் கோடைக் கடைசியில் இருட்டிய பிறகுதான் நன்றாக வரும். கரையோரத்தில் கிடைக்கும் சின்னப் பச்சை நண்டில் சதை கொஞ்சம்தான், ஆனால் இடித்து வடித்து ரசம் வைத்தாலும், ஒடியல் கூழுக்குப் போட்டாலும் அந்த மணம் இந்த நாட்டில் வேறெதிலும் வராது. ஒன்று மட்டும். சினை நண்டு என்றால் எங்களுக்கு உயிர், ஊரில் தேடி வாங்குவோம். இங்கே முட்டை சுமக்கும் சிங்கிறாலை வைத்திருப்பது 2017 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் குற்றம். சாதாரண சிங்கிறாலும் கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை 87 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், சில இடங்களில் அதைவிடக் கூட. நண்டுக்கும் இடத்துக்கு இடம் அளவு உண்டு. வயிற்றின் கீழ் முட்டை தெரிந்தால் நண்டானாலும் சிங்கிறாலானாலும் அப்படியே வலையில் வைத்து இறக்கிவிடுங்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

வீட்டுக்கு வந்தவுடன் வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்போடு மடித்து வைத்தால் ஒரு மாதத்தில் வளையத்தின் மூட்டு துருப்பிடித்து விரியாது, கார் முழுக்க மணக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை அந்தப் பக்கத்தைப் போடும்போது சாமான் பட்டியலில் முதல் வரியாக இறக்குவலையைச் சேருங்கள், கயிறு 20 மீட்டர் என்பதையும் சேர்த்து. பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் வருடா வருடம் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போகின்றன. கிரிக்கெட் மட்டையும் சமையல் கிடாரமும் சங்கத்துச் சொத்தாக இருக்கிறது, நல்ல வலை ஒன்றும் இருக்கட்டும், ஒரு பஸ்ஸுக்கு ஒன்று போதும். முடிச்சுப் போடவும் ஈயம் கட்டவும் தெரியாதவர்கள் இருந்தால் உங்கள் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து கட்டித் தருகிறேன்.

அன்றைய அந்தத் தகப்பனும் பொடியனும் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அதே பியரில், முனைக்குப் போகும் வழியில் இடது கைப் பக்கம் நிற்பேன். இந்தத் தடவை வலை என் காலடியில் விரித்தபடி இருக்கும். தம்பியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு வாசகன்